குறைந்த பட்ஜெட்டில் சிஸ்டம் அசெம்பிள் செய்யப் போகிறீர்களா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கல்லூரியில் சேரும் பிள்ளைக்கு, வீட்டிலிருந்து கணக்கு எழுதுபவருக்கு, சின்ன போட்டோ ஸ்டுடியோவுக்கு என்று பத்து வருடத்துக்கு மேலாக அக்கம்பக்கத்தாருக்கு சிஸ்டம், அதாவது கம்ப்யூட்டர், பாகம் பாகமாக வாங்கிச் சேர்த்துக் கொடுத்து வருகிறேன். கம்ப்யூட்டர் பாகக் கடைகள் நிறைந்த சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குக் கிளம்பும் முந்தின நாள் ராத்திரி போன் செய்து எல்லோரும் கேட்பது ஏறக்குறைய இதே கேள்விகள்தான். பலர் சீட்டுப் பணம் எடுத்தோ, நகையை அடகு வைத்தோ வருகிறார்கள். அந்தக் காசு வீணாகக்கூடாது என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் எதை முடிவு செய்வது? பிராசசரா, மதர்போர்டா?

பிராசசர்தான் சிஸ்டத்தின் மூளை, மதர்போர்டு எல்லாப் பாகத்தையும் இணைக்கும் பலகை. ஆனால் இரண்டும் அப்புறம். முதலில் ஒரு தாளில், இந்த சிஸ்டத்தில் தினமும் என்னென்ன ஓடப் போகிறது என்று எழுதுங்கள். டேலி, பிரவுசர், ஆன்லைன் வகுப்பு, ஆபீஸ் வேலை என்றால் கிராபிக்ஸ் கார்டு பக்கமே போக வேண்டாம். புரோகிராமிங் படிக்கும் பிள்ளைக்கு ராம்தான் (ஓடும் வேலைகளை வைத்திருக்கும் தற்காலிக நினைவகம்) முக்கியம். கேம் ஆட வேண்டும், வீடியோ எடிட்டிங் செய்ய வேண்டும் என்றால் மட்டுமே கணக்கு வேறு.

அடுத்து, கையில் இருக்கும் தொகை எதற்கெல்லாம் என்று பாருங்கள். "நாற்பதாயிரம் இருக்கு" என்பார்கள். மானிட்டர், கீபோர்டு, மவுஸ், யுபிஎஸ் எல்லாம் அதற்குள்ளா, வெளியிலா என்று கேட்டால் முழிப்பார்கள். அவற்றுக்கே நாற்பதில் பத்துப் பன்னிரண்டு ஆயிரம் போய்விடும். வீட்டில் பழைய மானிட்டர் இருந்தால் அதன் பின்னால் என்ன போர்ட் இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். விஜிஏ மட்டும்தான் என்றால், மதர்போர்டிலும் விஜிஏ இருக்க வேண்டும். இல்லையேல் எச்டிஎம்ஐ-யிலிருந்து விஜிஏ-வுக்கு மாற்றும் கன்வெர்ட்டர் ஒன்று வாங்க வேண்டும்.

"கோர் ஐ7, 16 ஜிபி ராம், 512 ஜிபி எஸ்எஸ்டி, மானிட்டரோடு 14,000 ரூபாய்" என்று விளம்பரம் வருகிறது. வாங்கலாமா?

அதிகம் பேர் ஏமாறும் இடம் இதுதான், நின்று பேசுகிறேன்.

ஐ7 என்பது குடும்பப் பெயர் மாதிரி. 2008-லிருந்து இன்டெல் அந்தப் பெயரில் பிராசசர் விற்கிறது. அந்தப் பெயருக்குப் பின்னால் வரும் எண்தான் எந்தத் தலைமுறை என்று சொல்லும். கடைசி மூன்று இலக்கத்தை விட்டுவிட்டு முன்னால் இருப்பதைப் படியுங்கள். ஐ7-3770 என்றால் மூன்றாம் தலைமுறை, 2012-ல் வந்தது. ஐ3-12100 என்றால் பன்னிரண்டாம் தலைமுறை, 2022-ல் வந்தது. இரண்டிலும் நான்கு கோர்தான் (பிராசசருக்குள் தனித்தனியாக வேலை செய்யும் பகுதிகள்). ஆனால் ஒற்றைக் கோரின் வேகத்தில் அந்த ஐ3, பழைய ஐ7-ஐவிட ஒன்றரை மடங்குக்கும் மேல். நாம் கிளிக் செய்ததும் திறக்கிறதே, அந்தச் சுறுசுறுப்பு பெரும்பாலும் இதிலிருந்து வருவது.

விளம்பரத்தில் எண்ணே போடாமல் வெறும் ஐ5, ஐ7 என்று போட்டிருந்தால் உள்ளே இருப்பது பெரும்பாலும் இரண்டாம், மூன்றாம் தலைமுறைப் பழைய பிராசசர்தான். அதற்கு எச்61 சிப்செட் மதர்போர்டு ஒன்றைப் பெயர் தெரியாத கம்பெனிகள் இன்றும் புதிதாகச் செய்து விற்கின்றன. பெட்டி புதுசு, போர்டு புதுசு, உள்ளே இருக்கும் தொழில்நுட்பம் 2011-ஐச் சேர்ந்தது. இன்டெலில் எட்டாம் தலைமுறைக்குக் கீழே விண்டோஸ் 11-க்கு முறையான ஆதரவு கிடையாது. விண்டோஸ் 10-க்கு இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது.

கடைக்காரரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "முழு மாடல் நம்பர் என்ன?" நேராகப் பதில் வராவிட்டால் அடுத்த கடைக்கு நடங்கள்.

அப்படியென்றால் பழைய சிஸ்டமே வாங்கக்கூடாதா?

வாங்கலாம், தாராளமாக. கம்பெனிகளில் மூன்று நான்கு வருடம் ஓடி வெளியே வரும் டெல் ஆப்டிபிளெக்ஸ், எச்பி எலைட்டெஸ்க், லெனோவோ திங்க்சென்டர் வகைகள் நல்ல உழைப்பாளிகள். எட்டாம் தலைமுறை ஐ5 அல்லது அதற்கு மேல் என்று எண்ணைப் பார்த்து வாங்கினால், இருபதாயிரத்துக்குள் முடிக்க நினைப்பவர்களுக்குப் புது சிஸ்டத்தைவிட அதையே சொல்வேன். ஒரு எச்சரிக்கை: இவற்றில் பல மாடல்களில் எஸ்எம்பிஎஸ் (பாகங்களுக்கு மின்சாரம் தரும் பெட்டி), மதர்போர்டு கனெக்டர்கள் எல்லாம் அந்தந்தக் கம்பெனிக்கென்றே செய்தவை. நாளைக்குப் பெரிய கிராபிக்ஸ் கார்டு போடலாம் என்ற நினைப்பில் வாங்காதீர்கள்.

இன்டெலா, ஏஎம்டியா?

கிராபிக்ஸ் கார்டு போடாத சிஸ்டத்துக்கு நான் அதிகம் போட்டிருப்பது ஏஎம்டி ரைசன் 5 5600ஜி. 2021-ல் வந்தது, ஆறு கோர், பன்னிரண்டு திரெட், உள்ளேயே ஓரளவு நல்ல ரேடியான் கிராபிக்ஸ். சாதாரண கேம்களை 720பி-யிலோ, செட்டிங்கைக் குறைத்து 1080பி-யிலோ ஆடலாம். கேமே வேண்டாம், வேலை மட்டும் என்றால் ஐ3-12100 போதும். இரண்டிலும் பெட்டியிலேயே கூலர் வருகிறது.

போர்டில் பிராசசர் உட்காரும் இடம்தான் சாக்கெட். ஏஎம்டியின் ஏஎம்4 சாக்கெட், இன்டெலின் எல்ஜிஏ 1700 இரண்டுமே கடைசி அத்தியாயத்தில் இருப்பவை. ஏஎம்5 சாக்கெட் 2022-ல் வந்தது. 2027 வரையிலும் அதற்கு அப்பாலும் ஆதரவு தருவதாக ஏஎம்டி சொல்லியிருக்கிறது. மூன்று வருடம் கழித்து பிராசசரை மட்டும் மாற்றும் எண்ணம் உண்மையிலேயே இருந்தால் அங்கே போகலாம். ஆனால் அதற்கு டிடிஆர்5 ராம்தான் வேண்டும், போர்டும் விலை கூட. என் அனுபவத்தில், குறைந்த பட்ஜெட்டில் வாங்கியவர்கள் பிராசசரை மட்டும் மாற்றியது அபூர்வம். ஆறேழு வருடம் ஓட்டிவிட்டு மொத்தமாகத்தான் மாற்றுகிறார்கள்.

எல்லாம் மாட்டிவிட்டேன். ஃபேன் சுற்றுகிறது, திரையில் "நோ சிக்னல்" என்று வருகிறது. ஏன்?

பிராசசர் பெயரின் கடைசி எழுத்தைப் பாருங்கள். இன்டெலில் 12100எஃப், 12400எஃப் என்று முடிவில் எஃப் இருந்தால் உள்ளே கிராபிக்ஸ் கிடையாது. ஏஎம்4-இல் நேர்மாறு: 5600ஜி-யில் உண்டு, வெறும் 5600-லும் 5500-லும் இல்லை. எங்கள் தெருவில் ஒரு பையன் தன் முதல் சம்பளத்தில் 5600 வாங்கி வந்து, ராத்திரி பதினொரு மணி வரை ராமைக் கழற்றிக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தான். போர்டு போய்விட்டது என்றே நினைத்துவிட்டான். போர்டின் பின்னால் எச்டிஎம்ஐ துளை இருப்பதால் படம் வந்தாக வேண்டும் என்று தோன்றுவது இயல்புதான். துளையைக் கொடுப்பது போர்டு, படத்தைக் கொடுப்பது பிராசசர். மறுநாள் காலையில் கடைக்குப் போனோம். சீல் உடைத்ததை மாற்ற மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். அவனுக்கு ஒரு கிராபிக்ஸ் கார்டு தண்டச் செலவு.

மதர்போர்டில் எவ்வளவு மிச்சம் பிடிக்கலாம்?

நிறைய. விளக்கு எரிவது, பளபளப்பான கவசம் இதெல்லாம் வேலைக்கு உதவாது. ஏஎம்4-க்கு ஏ520, பி450 போதும்; இன்டெலுக்கு எச்610 போதும். எம்.2 எஸ்எஸ்டி (போர்டிலேயே நேரடியாக மாட்டும் சிறு பட்டை) போட இடம் இருக்கிறதா, ராம் துளை இரண்டா நான்கா என்று மட்டும் பாருங்கள். பி450 வாங்கும்போது பெட்டியில் "ரைசன் 5000 ரெடி" ஸ்டிக்கர் இருக்கிறதா என்று தேடுங்கள். பழைய சரக்காக இருந்தால் பயாஸ் (போர்டின் அடிப்படை மென்பொருள்) அப்டேட் செய்யாமல் 5600ஜி-யை அது அடையாளம் காணாது. இல்லாவிட்டால் கடையிலேயே அப்டேட் செய்து, ஓடுவதைக் கண்ணால் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

ராம் 8 ஜிபி போதுமா? ஒன்றாகப் போடுவதா, இரண்டாகப் போடுவதா?

விண்டோஸ் 11-ம், பிரவுசரில் பத்து டேபும் திறந்தாலே 8 ஜிபி மூச்சு முட்டும். 16 வேண்டும். ஒரே 16-ஆக இல்லாமல் 8, 8 என இரண்டாக வாங்குங்கள். காரணம் இது: 5600ஜி போன்ற பிராசசரில் கிராபிக்ஸுக்கென்று தனி நினைவகம் இல்லை, ராமையே பங்கு போட்டுக்கொள்கிறது. டிடிஆர்4 3200 ஒன்று போட்டால் நொடிக்கு 25.6 ஜிபி வழி. இரண்டு போட்டால் 51.2 ஜிபி. கேமில் இந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். போர்டில் நான்கு துளை இருந்தால், பிராசசர் பக்கமிருந்து எண்ணி இரண்டாவதிலும் நான்காவதிலும் மாட்டுங்கள்.

விலை விஷயம் வேதனை. 2025-ன் பிற்பகுதியிலிருந்து ஏஐ டேட்டா சென்டர்களுக்கான தேவையால் ராம் விலை தாறுமாறாக ஏறிவிட்டது. மைக்ரான் நிறுவனம் 2025 டிசம்பரில், கடைகளில் விற்கும் தன் குரூஷியல் ராம், எஸ்எஸ்டி வியாபாரத்தையே நிறுத்துவதாக அறிவித்தது. இந்த நிலையில் 16 கட்டுப்படியாகாவிட்டால் இப்போதைக்கு ஒரு 8 போட்டு ஒரு துளையைக் காலியாக விடுங்கள். அதே வேகம், முடிந்தால் அதே மாடல் ராமைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம். வீட்டில் பழைய டிடிஆர்4 சிஸ்டம் ஏதாவது கிடந்தால் அதன் ராமைத் தூக்கிப் போடாதீர்கள்.

எஸ்எஸ்டியா, ஹார்ட் டிஸ்க்கா?

விண்டோஸ் இருக்கும் இடம் எஸ்எஸ்டி, இதில் பேச்சே இல்லை. 500 ஜிபி என்விஎம்இ (வேகமான எஸ்எஸ்டி வகை) நல்ல தொடக்கம். எஸ்எஸ்டியும் கார்டும் பிராசசரோடு பேசும் வழி பிசிஐஇ; 5600ஜி-யில் அது 3.0, அதாவது ஜென்3, வரைதான் போகும். ஜென்4 எஸ்எஸ்டி போட்டாலும் ஜென்3 வேகத்தில்தான் ஓடும். விலை கூடக் கொடுக்கத் தேவையில்லை. எம்.2 வடிவத்தில் சாட்டா எஸ்எஸ்டியும் உண்டு, பார்க்க ஒன்று போலவே இருக்கும். சில போர்டில் அது வேலை செய்யாது. பில்லில் என்விஎம்இ என்று இருக்கிறதா என்று பாருங்கள். ஹார்ட் டிஸ்க் படம், பாட்டு, கல்யாண வீடியோ சேமிக்க மட்டும்.

கேபினெட்டோடு எஸ்எம்பிஎஸ் சேர்த்தே தருகிறார்கள். தனியாக எதற்கு 3,000 செலவு?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள்.

அந்த இலவச எஸ்எம்பிஎஸ்ஸைக் கையில் வாங்கி, பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் லேபிளைப் பாருங்கள். மேலே பெரிய எழுத்தில் 450 என்று இருக்கும். கீழே கட்டம் போட்ட அட்டவணையில் +12வி என்ற இடத்துக்கு நேரே ஆம்பியர் போட்டிருக்கும். அது 16 என்றால், 12-ஐ 16-ஆல் பெருக்குங்கள்: 192 வாட். பிராசசருக்கும் கிராபிக்ஸ் கார்டுக்கும் போவது இந்த 12 வோல்ட் வழிதான். அப்படியானால் 450 என்று எழுதிய பெட்டி உண்மையில் 200 வாட்கூடத் தேறாது. கையில் தூக்கிப் பார்த்தாலே தெரியும், காலி டப்பா மாதிரி லேசாக இருக்கும். உள்ளே ஃபில்டர் பாகங்கள் பாதி இருக்காது.

சில வருடத்துக்கு முன் ஒரு ஸ்டுடியோக்காரருக்கு வேறு யாரோ இப்படி ஒன்றைப் போட்டுக் கொடுத்திருந்தார்கள். மே மாதம், மதியம், கரண்ட் போய்த் திரும்பி வந்தபோது "பட்" என்று ஒரு சத்தம். என்னைக் கூப்பிட்டார். மூடியைத் திறந்ததும் கருகிய வாடை. எஸ்எம்பிஎஸ் மட்டும் போயிருந்தால் பரவாயில்லை. மதர்போர்டும் ஹார்ட் டிஸ்க்கும் சேர்ந்தே போயிருந்தன. டிஸ்க்கில் இரண்டு கல்யாணத்தின் போட்டோ, இன்னும் ஆல்பம் போடாதவை. அந்தப் பெண் வீட்டார் முன்னால் அவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றது எனக்கு இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

ஆகவே தெரிந்த கம்பெனியின் 80 பிளஸ் பிரான்ஸ் (மின்சாரத்தை அதிகம் வீணாக்காததற்கான சான்று) எஸ்எம்பிஎஸ், 450 வாட். பின்னாளில் கிராபிக்ஸ் கார்டு போடும் எண்ணம் இருந்தால் 550. வாரண்டி மூன்று வருடமாவது இருக்கட்டும். வேறு எதில் வேண்டுமானாலும் குறையுங்கள், இதில் மட்டும் வேண்டாம்.

கேபினெட் எப்படிப் பார்த்து வாங்குவது?

முன்பக்கம் கண்ணாடியாக இருக்கக்கூடாது, வலையாக இருக்க வேண்டும். சென்னையிலும் வேலூரிலும் மே மாதத்தில் அறையே நாற்பது டிகிரியைத் தொடுகிறது. காற்று உள்ளே வர ஒரு ஃபேன், வெளியே போக ஒரு ஃபேன், தூசி வடிகட்டி இருந்தால் போதும். பின்பக்கம் கார்டு மாட்டும் இடத்தின் தகடுகள் திறந்து கிடந்தால் மூடிவிடுங்கள். இரண்டு தடவை பழுது பார்க்கத் திறந்து, உள்ளே செத்துக் கிடந்த பல்லியை எடுத்திருக்கிறேன். சூட்டுக்கு ஒண்ட வருகிறது. போர்டின் மேல் விழுந்தால் அதுவும் போகும், போர்டும் போகும்.

கடையில் "ஜிடி 730 4 ஜிபி" கார்டு மலிவாக இருக்கிறது. போட்டால் வேகம் கூடுமா?

கூடாது. அது 2014-ல் வந்த கார்டு. 5600ஜி-யின் உள் கிராபிக்ஸே அதைவிட மேல். 4 ஜிபி என்ற எண் கண்ணைக் கட்டுவதற்குத்தான் பயன்படுகிறது.

ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி-யையும் 5600ஜி-யோடு சேர்க்காதீர்கள். அந்தக் கார்டுக்கு நான்கே லேன் (தகவல் போகும் பாதை), பிசிஐஇ 3.0-வில் மாட்டினால் அதன் வழி பாதியாகக் குறைந்து திணறும். உண்மையிலேயே கேம்தான் நோக்கம் என்றால் 5600ஜி-யை விட்டுவிட்டு வெறும் 5600 அல்லது 12400எஃப் எடுத்து, ஆர்எக்ஸ் 6600 போன்ற 8 ஜிபி கார்டு போடுங்கள். இடத்தைப் பார்த்துப் போட்டால் எழுத்தில்லாத அந்த 5600 நல்ல பிராசசர்தான். கார்டைப் பழையதாக வாங்கினால், விற்பவர் வீட்டிலேயே அரை மணி நேரம் கேம் ஓடவிட்டுப் பாருங்கள். ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருள் போலிக் கார்டைப் பெரும்பாலும் காட்டிக் கொடுத்துவிடும்.

கேபினெட்டைத் தொட்டால் சுருக்கென்று ஷாக் அடிக்கிறது. சிஸ்டம் பழுதா?

பெரும்பாலும் சிஸ்டத்தில் பழுதிருக்காது, வீட்டு எர்த் சரியில்லாமல் இருக்கும். எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் இருக்கும் ஃபில்டர் மிகச் சிறிய கசிவு மின்சாரத்தை எர்த் வழியாக அனுப்பும். எர்த் இல்லாவிட்டால் அது கேபினெட் தகட்டில் தங்கி, உங்கள் விரல் வழியாக இறங்கும். டூ-பின் எக்ஸ்டென்ஷனில் மாட்டியிருந்தால் உடனே மாற்றுங்கள். த்ரீ-பின் பாயிண்டிலும் அடித்தால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த் பார்க்கச் சொல்லுங்கள். காலுக்குக் கீழே அட்டை போட்டுச் சமாளிக்க வேண்டாம், வீட்டில் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

யுபிஎஸ் அவசியமா?

அவசியம். 600 விஏ என்று போட்டிருந்தால் சுமார் 360 வாட் என்று வைத்துக்கொள்ளுங்கள். கிராபிக்ஸ் கார்டு இல்லாத சிஸ்டத்துக்கு அது போதும். பத்துப் பதினைந்து நிமிடம் தாங்கும், சேமித்து மூடுவதற்கு. வீட்டில் சைன் வேவ் இன்வெர்ட்டர் இருந்தால் அதில் யுபிஎஸ் மோட் சுவிட்ச் இருக்கிறதா என்று பாருங்கள். அதைப் போட்டால் கரண்ட் போகும்போது சிஸ்டம் அணையாமல் மாறும், தனி யுபிஎஸ் தேவைப்படாமல் போகலாம்.

ஆன்லைனில் வாங்குவதா, கடையிலா?

விலையை ஆன்லைனில் பாருங்கள், பேரத்தைக் கடையில் பேசுங்கள். எல்லாப் பாகத்தையும் ஒரே கடையில் எடுத்தால் பல இடங்களில் அசெம்பிள் இலவசமாகச் செய்து தருவார்கள். ஓடாவிட்டால் யார் பொறுப்பு என்ற சண்டையும் வராது. ஜிஎஸ்டி பில் கட்டாயம் வாங்குங்கள். 18 சதவீதம் மிச்சம் என்று பில் இல்லாமல் வாங்கினால் வாரண்டிக்கு நிற்க இடமிருக்காது. ஒவ்வொரு பாகத்தின் சீரியல் நம்பரும் பில்லில் இருக்க வேண்டும். "டிரே" பிராசசர் என்று பெட்டியில்லாமல் தருவதற்குக் கம்பெனியின் மூன்று வருட வாரண்டி இல்லாமல் போகலாம், கேட்டுக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை ரிச்சி ஸ்ட்ரீட்டில் பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும்.

ஒரு மாதிரிக் கணக்கு சொல்ல முடியுமா?

2023-ல் என் தங்கை மகள் கல்லூரியில் சேர்ந்தபோது சேர்த்துக் கொடுத்த சிஸ்டத்தின் கணக்கு இது. 5600ஜி 11,000, பி450 போர்டு 5,800, 8, 8 ராம் 3,600, 500 ஜிபி என்விஎம்இ 2,700, 450 வாட் பிரான்ஸ் எஸ்எம்பிஎஸ் 3,000, ஃபேனோடு கேபினெட் 2,600. ஆக 28,700. மேலே 22 அங்குல ஐபிஎஸ் மானிட்டர் 7,500, கீபோர்டும் மவுஸும் 1,000, யுபிஎஸ் 2,900. மொத்தம் 40,100. இன்றைக்கு ராமும் எஸ்எஸ்டியும் இந்த விலைக்குக் கிடைக்காது. எந்தப் பாகத்துக்கு எவ்வளவு பங்கு என்பதற்காகத்தான் சொல்கிறேன்.

விண்டோஸுக்கு அதில் ஒரு ரூபாயும் ஒதுக்கவில்லை. கடையில் ஏற்றித் தரும் திருட்டு விண்டோஸ் வேண்டாம் என்று சொல்லி லினக்ஸ் மின்ட் போட்டேன். பைத்தான், சி, லிப்ரே ஆபீஸ் எல்லாம் அதிலேயே ஓடின. இரண்டாம் வருடம் ஒரு பாடத்துக்கு விண்டோஸ் தேவைப்பட்டபோதுதான் லைசென்ஸ் வாங்கினாள்.

முதல் நாள் ஆன் செய்ததும் என்ன பார்க்க வேண்டும்?

பயாஸுக்குள் போய் ராம் எந்த வேகத்தில் ஓடுகிறது என்று பாருங்கள். 3200 வாங்கியிருந்தும் பல ராம்கள் 2400-லோ 2666-லோ நிற்கும். எக்ஸ்எம்பி அல்லது டிஓசிபி என்று இருப்பதை ஆன் செய்தால் சரியாகிவிடும். பிராசசர் பெயர், ராம் அளவு, எஸ்எஸ்டி மாடல் மூன்றும் பில்லோடு ஒத்துப்போகிறதா என்று சரிபாருங்கள். பிறகு ஒரு மணி நேரம் வீடியோ ஓடவிட்டு, பின்பக்கம் கையை வைத்துப் பாருங்கள். வெதுவெதுப்பான காற்று வர வேண்டும். பெட்டிகளை வாரண்டி முடியும் வரை பரணில் போட்டு வையுங்கள், பில்லைப் போனில் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். கடை பில்லின் மை ஒரே வருடத்தில் அழிந்துவிடும்.